தானே அடுக்கிக்கொள்ளும் செங்கல்!

இந்த முறை அறிவியல் பக்கம் எழுதும் வாய்ப்பு எனக்கு வந்தது. "ராக்கெட் பத்தி எழுதுடி" என்று எங்கள் வகுப்பில் பாதிப்பேர் சொன்னார்கள். நான் ஆட்டுக்கால் சூப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். உலகத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட விஷயம் அந்தச் சட்டிக்குள் இருக்கிறது.

போன மார்கழியில் எங்கள் அப்பத்தா வாசல் தெளிக்கும்போது வழுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டில் எலும்பு விட்டுப் போச்சு. எலும்பு கூடணும்னா ஆட்டுக்கால் சூப் வச்சுக் குடுங்க என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னதால், அம்மா நாலு கால் வாங்கி, சுட்டு, நறுக்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேக வைத்தாங்க. "சட்டிய இறக்கி வையி ஆத்தா" என்று என்னிடம் சொன்னாங்க. அடுப்பு மேடையில் பாத்திரமாகக் கிடந்தது. ஒதுக்கி வைக்கச் சோம்பல். தரையில் இறக்கி வைத்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் தம்பி பம்பரக் கயிற்றைத் தேடி ஓடி வந்தவன் சட்டியைத் தட்டிவிட்டான். பாதி சூப் அவன் வலது பாதத்தில் கொட்டிவிட்டது.

அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி, இருபது நிமிடம் காலில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாங்க. ஒருத்தர் பேஸ்ட் தடவச் சொன்னார், ஒருத்தர் மாவு போடச் சொன்னார். அப்பா எதையும் போட விடவில்லை. அதுதான் சரி என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னாங்க. அங்கே புண்ணைச் சுத்தம் செய்த பிறகு நர்ஸ் அக்கா ஒரு பாக்கெட்டைப் பிரித்தாங்க. ஸ்பிரிட் வாடை வந்தது. உள்ளே மெல்லிசாக, கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு படலம். அதை உப்புத் தண்ணீரில் அலசி, தம்பியின் பாதத்தில் சுருக்கம் இல்லாமல் விரித்து ஒட்டினாங்க.

"என்னம்மா இது, பிளாஸ்டிக்கா?" என்று அப்பத்தா பயந்து கேட்டாங்க.

"இல்ல பாட்டி, கொலாஜன். மாட்டுத் தோலுல இருந்து எடுத்துச் சுத்தம் பண்ணுனது. இதப் பிடிச்சுக்கிட்டே புதுத் தோலு வளந்துரும்."

"எந்தத் தோலா இருந்தா என்ன, புள்ளைக்குச் சரியானாச் சரி" என்றாங்க அப்பத்தா.

ராத்திரி வீடு திரும்பினோம். நான் தூங்கவில்லை. விடியற்காலையில் எழுந்து போய்ப் பார்த்தால், சட்டியில் மிச்சம் இருந்த சூப் அப்படியே உறைந்து கிடந்தது. ஆட்டினால் அல்வா மாதிரி ஆடியது. கரண்டியால் வெட்டினால் துண்டாக வந்தது. நேற்றுத் தண்ணியாக இருந்ததை யார் கெட்டியாக்கினார்கள்? அறிவியல் டீச்சரிடம் இரண்டையும் சொன்னேன், படலத்தையும் சூப்பையும். டீச்சர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் கொலாஜன் வேலை" என்றாங்க. அன்றையிலிருந்து நூலகப் புத்தகத்தில் படித்ததும், டீச்சர் சொல்லிக்கொடுத்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நானோ என்றால் என்ன? உங்கள் ஸ்கேலை எடுங்கள். அதில் சின்னக் கோடு இரண்டுக்கு நடுவில் 1 மில்லிமீட்டர். அதைப் பத்து லட்சம் துண்டு போட்டால் ஒரு துண்டு 1 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். கொலாஜன் மூலக்கூறு ஒன்றின் தடிமன் 1.5 நானோமீட்டர்தான், நீளம் 300 நானோமீட்டர். என் முடியின் குறுக்கே இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல் பிடிக்கும்!

சரி, பாலிமர் என்றால்? தமிழில் பலபடி என்று சொல்கிறோம். ஒரே மாதிரியான சின்ன மூலக்கூறுகள் பூச்சரம் மாதிரி நீளமாகக் கோத்திருப்பது. பாலிதீன் பை பாலிமர், ரப்பர் பாலிமர், பஞ்சு பாலிமர், நம் உடம்பில் இருக்கும் புரதமும் பாலிமர். புரதச் சரத்தில் கோத்திருக்கும் பூக்கள் அமினோ அமிலங்கள். நம் உடம்பில் இருக்கும் புரதம் எல்லாவற்றிலும் கால் பங்குக்கு மேல் கொலாஜன் ஒன்றுதான். தோல், எலும்பு, தசைநாண், ஈறு என்று எங்கும் இருக்கிறது.

கொலாஜனில் மூன்று சரங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஆயிரம் அமினோ அமிலம். மூன்றும் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருக்கும். நான் வகுப்பில் எழுந்து "நம்ம சடை மாதிரியா டீச்சர்?" என்று கேட்டேன். "சடை இல்ல, கயிறு" என்றாங்க. கயிறு திரிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்குவார்கள். பிறகு எல்லாப் புரியையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் அதேதான்: தனித்தனிச் சரம் இடப்பக்கச் சுருள், மூன்றும் சேர்ந்தது வலப்பக்கச் சுருள். (பக்கத்தில் ஒட்டியிருக்கும் படம் நான் வரைந்தது. சிவப்பு, நீலம், பச்சை மூன்று சரம்.) இன்னொரு விசேஷம், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம்தான் இருக்கும். கயிற்றின் நடுவில் இடமே இல்லை. எல்லாவற்றிலும் சின்னதான கிளைசின் மட்டும்தான் அங்கே நுழையும்.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? லண்டனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. நம் சென்னை!

ஜி. என். ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அப்போது சென்னைக்கு வந்த பெர்னால் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னாராம். பக்கத்திலேயே அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது, 1948-ல் ஏற்பட்டது. தோல் என்றாலே கொலாஜன்தானே? ஆராய்ச்சிக்கு நல்ல சுத்தமான நார் வேண்டும். அது ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த நிலையத்துக்கு வந்திருந்த கங்காருவின் வால் தசைநாணில் கிடைத்தது. அதன் வழியே எக்ஸ்ரே கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் கயிறு தெரியாது. வெறும் கறுப்புப் புள்ளியும் கோடும்தான் விழும். உள்ளே எது எங்கே இருந்தால் இந்தப் புள்ளி இங்கே விழும் என்று கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத காலம்!

ராமச்சந்திரனும் அவருடன் வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் "மூன்று சரம் பக்கத்துப் பக்கத்தில்" என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதில் ஒரு குறை இருந்தது. அவர்களே அதைத் திருத்தி, 1955-ல் மூன்றும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும் கயிறு என்று எழுதினார்கள். அதே வருடம் டி.என்.ஏ. புகழ் கிரிக்கும், ரிச் என்பவரும் அதில் ஒரு தப்புக் கண்டுபிடித்தார்கள். சில அணுக்கள் ரொம்ப நெருக்கியடித்து நிற்கின்றன, இவ்வளவு நெருக்கம் நடக்காது என்றார்கள். சரங்களை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு எத்தனை என்பதில் கிரிக் சொன்னதுதான் கடைசியில் நின்றது. கயிறு என்ற அடிப்படை ராமச்சந்திரன் சொன்னதுதான். ஆனால் அவர் அதோடு விடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், எவ்வளவு நெருங்கக் கூடாது என்பதையே தனியாக ஆராய்ந்து, ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். இன்றைக்கும் உலகத்தில் எந்த நாட்டில் புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அதை 'ராமச்சந்திரன் வரைபடத்தில்' போட்டுப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று சொல்கிறார்கள். தப்பு என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைக்காததில் எனக்கு இன்னும் கோபம். 2001-ல் சென்னையில் காலமானார்.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். எங்கள் அப்பா கொத்தனார். செங்கல் கட்டும்போது ஒரு வரியின் இணைப்புக்கு மேல் அடுத்த வரியின் இணைப்பு வராமல் மாற்றி மாற்றித்தான் வைப்பாங்க. நேர்க்கோடாக வைத்தால் சுவர் பிளந்துவிடும். கொலாஜன் கயிறுகளும் உடம்பில் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. ஒன்றுக்கு அடுத்தது 67 நானோமீட்டர் தள்ளி, அதற்கடுத்தது இன்னொரு 67 தள்ளி. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் வரிவரியாகத் தெரியும், அணில் முதுகு மாதிரி. ஆனால் அப்பா வைக்கிற செங்கலை அப்பாதான் வைக்கணும். 1.5 நானோமீட்டர் செங்கலை எந்தக் கொத்தனார் எடுத்து வைப்பார்? எந்த இடுக்கி பிடிக்கும்?

யாரும் வைப்பதில்லை. செங்கலே போய் அடுக்கிக்கொள்கிறது!

இதற்குத்தான் தற்கூட்டமைவு என்று பெயர், தானே கூடி அமைவது. எப்படி என்று பார்ப்போம். கயிற்றின் நீளத்தில் சில இடத்தில் நேர் மின்னூட்டம், சில இடத்தில் எதிர் மின்னூட்டம், சில இடம் எண்ணெய் மாதிரி தண்ணீரைப் பிடிக்காதது. இரண்டு கயிறு பக்கத்தில் வரும்போது, 67 தள்ளி நின்றால்தான் எல்லா ஊக்கும் சரியான கண்ணியில் மாட்டும். பாவாடை சட்டையில் ஒரு ஊக்கை மாற்றிப் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும் இல்லையா? அந்த மாதிரி, தப்பாக நின்றால் பிடிப்பு இல்லாமல் விலகிவிடும். மூலக்கூறுகள் தண்ணீரில் ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான முறை மோதி, விலகி, சரியாக மாட்டியது மட்டும் நிற்கும்.

அப்படியானால் கொலாஜனைத் தயாரிக்கும் செல்லுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டு செல்லை அடைத்துவிடாதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. டீச்சரும் தேடிப் பார்த்துத்தான் சொன்னாங்க. செல்லுக்குள் இருக்கும்போது ஒவ்வொரு கயிற்றின் இரண்டு முனையிலும் பேனா மூடி மாதிரி ஒரு துண்டு இருக்கும். அது இருக்கும் வரை அடுக்க முடியாது. வெளியே வந்த பிறகுதான் மூடி வெட்டப்படுகிறது.

ஆய்வகத்திலும் இதைச் செய்கிறார்கள். கொலாஜனைக் குளிர்ந்த லேசான அமிலத்தில் கரைத்தால் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அமிலத்தை நடுநிலையாக்கி 37 டிகிரிக்கு, அதாவது உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் கொஞ்ச நேரத்தில் பால் மாதிரிக் கலங்கி நார் நாராகக் கட்டிவிடும். சர்க்கரை சூடாக்கினால் கரையும், இது சூடாக்கினால் கூடும்! காரணம் தண்ணீர்தான். குளிரில் கயிற்றைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காகக் கட்டுப்பட்டு நிற்கும். சூட்டில் அவை விடுபட்டு ஓடும். கயிறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரிக் கொலாஜனைச் சுத்தம் செய்து, படலமாக்கி, உலர்த்தித்தான் புண்ணுக்குப் போடுகிறார்கள். நம் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையமும் தீக்காயத்துக்கான கொலாஜன் படலங்களை ஆராய்ந்து உருவாக்கியிருக்கிறது. புதுத் தோலின் செல்கள் பந்தலில் அவரைக்கொடி ஏறுவது மாதிரி அந்த நாரைப் பிடித்து ஏறும். பந்தல் பிறகு கரைந்துபோகும்.

சரி, சூப்? கொதிக்கும்போது மூன்று சரக் கயிறு பிரிந்துவிடுகிறது. தனித்தனி நூலாக மிதக்கும். அதற்குப் பெயர் ஜெலட்டின். ஆறும்போது பழைய ஞாபகம் வந்தது மாதிரி, அங்கங்கே கொஞ்ச தூரம் மட்டும் மறுபடி முறுக்கிக்கொள்கிறது. ஆனால் பழைய ஜோடி கிடைக்காது, பக்கத்தில் எது கிடைத்ததோ அதோடு. அதனால் ஒழுங்கான கயிறு வராமல் சிக்கலான வலை வரும். வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். அதுதான் நான் காலையில் பார்த்த அல்வா. 30, 35 டிகிரி வந்தாலே இந்த வலை அவிழ்ந்துவிடும். அதனால்தான் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஆட்டுக்கால் சூப் உறைவதே இல்லை, மார்கழியில் உறைகிறது.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப அந்தச் சூப்பக் குடிச்சா என் எலும்புல போய் ஒட்டிக்கிரும்ல?" என்றாங்க. இல்லை! வயிற்றுக்குள் போனதும் அது தனித்தனி அமினோ அமிலமாக நறுக்கப்பட்டுவிடும். பருப்பு, முட்டை சாப்பிட்டாலும் அமினோ அமிலம் வரும். உடம்புதான் புதிதாகச் சரம் கோக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி கட்டாயம். அது இல்லாவிட்டால் முறுக்கு உடம்புச் சூட்டிலேயே தளர்ந்துவிடும். அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளுக்குப் பழம், காய் கிடைக்காமல் ஈறு வீங்கி இரத்தம் வந்ததும், ஆறிய புண் மறுபடி பிளந்ததும் இதனால்தான். அதனால் சூப்போடு ஒரு நெல்லிக்காயும் சாப்பிடுங்க அப்பத்தா என்றேன். "படிச்ச திமிரப் பாரு" என்று திட்டிவிட்டு, நெல்லிக்காயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாங்க.

தோல் பதனிடுவதும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சைத் தோலை ஈரத்தோடு 60, 65 டிகிரிக்குச் சூடாக்கினால் கயிறு பிரிந்து சுருங்கிப்போகும். நம் பக்கத்தில் பழைய காலத்திலிருந்து ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைப்பார்கள். அதிலுள்ள டானின் கயிறுகளுக்கு நடுவில் புகுந்து கட்டுப் போட்டுவிடும். பிறகு தோல் அழுகாது, அவ்வளவு சீக்கிரம் சுருங்காது.

மனிதர்கள் இதைப் பார்த்துக் காப்பியடித்துத் தாங்களே தற்கூட்டமைவுப் பாலிமர் செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று உங்கள் காலடியில் இருக்கலாம். செருப்புப் பெட்டியில் 'டி.பி.ஆர். சோல்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பாலும் இருப்பது, நடுவில் ரப்பர், இரண்டு முனையிலும் பாலிஸ்டைரீன் என்று ஒரே சங்கிலியில் கோத்த பாலிமர். பாலிஸ்டைரீன் வேறெதுவும் இல்லை, நம் தெர்மாகோல் செய்யும் பொருள்தான். ரப்பருக்கும் அதற்கும் ஒத்துப்போகாது, எண்ணெயும் தண்ணீரும் மாதிரி. சண்டை போட்டவர்களைத் தனித்தனி பெஞ்சில் உட்கார வைக்கலாம், ஆனால் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால்? ரொம்ப தூரம் விலக முடியாது. அதனால் பாலிஸ்டைரீன் முனைகள் எல்லாம் சுமார் 20 நானோமீட்டர் அளவுள்ள சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்கின்றன. அந்தக் கெட்டி உருண்டைகள் ரப்பரை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. முடிச்சு 100 டிகிரிக்கு மேல் இளகும். அதனால் உருக்கி அச்சில் ஊற்றலாம், தேய்ந்ததை மறுபடி உருக்கலாம். கந்தகம் போட்டு வேகவைத்த டயர் ரப்பரை அப்படி உருக்க முடியாது.

எந்தப் பொருள் எவ்வளவு என்ற விகிதத்தை மாற்றினால் உருண்டைக்குப் பதில் குச்சி வரும், இன்னும் மாற்றினால் அடுக்கடுக்காகத் தகடு வரும். குச்சியாக வந்ததை மட்டும் கரைத்து எடுத்துவிட்டால் ஒரே அளவில் நானோத் துளைகள். அதைத் தண்ணீர் வடிகட்டவும், கம்ப்யூட்டர் சில்லில் நுண்ணிய கோடு போடவும் பயன்படுத்த ஆராய்ச்சி நடக்கிறது. எனக்கு இதைவிடக் கொலாஜன்தான் பிடித்திருக்கிறது. அதில் விகிதம் பார்த்துக் கொட்ட ஆள் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள். அம்மா ஆட்டுக்கால் வேக வைக்கும்போது இரண்டு டம்ளர் தெளிவான சூப்பை ஆறவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலோ, மண்பானைத் தண்ணீர்த் தொட்டிலோ வையுங்கள். இன்னொன்றை வெயிலில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துச் சாய்த்துப் பார்த்து எது உறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உறைந்ததை உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்து எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று எண்ணுங்கள். சைவக்காரர்கள் வருத்தப்பட வேண்டாம், அகர் அகர் என்னும் கடல்பாசியிலும் இதேபோல் சரங்கள் முறுக்கிக்கொண்டு வலை கட்டும். ஆனால் அது உள்ளங்கைச் சூட்டில் உருகாது. ஏன் என்று எழுதி என் வகுப்பில் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த தாளில் ஒட்டுவோம்.

தம்பியின் படலம் ஒட்டி இரண்டு வாரத்தில் ஓரத்திலிருந்து தானே உரிந்து வந்தது. கீழே வெளிர் ரோஜா நிறத்தில் தோல். இப்போது பம்பரம் விடுகிறான். பாதத்தில் கட்டைவிரல் பக்கம் மட்டும் ஒரு தழும்பு இருக்கிறது. அதுவும் கொலாஜன்தான், ஆனால் அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி எல்லா நாரும் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும் என்று டீச்சர் சொன்னாங்க. குளிக்கும்போது நான்தான் அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவி விடுகிறேன்.

சோதனை செய்பவர்கள் சூடான சட்டியை மேடை மேல் வையுங்கள். மேடையில் இடம் இல்லாவிட்டால் முதலில் பாத்திரத்தை ஒதுக்குங்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி, ஆனையூர்